அடித்தளம், வேர், அடிமடி: நொய்யல் வழக்கும் திருப்பூரும்

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை அன்று, திருப்பூர் வட்டாரத்தின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றின் மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆணை பிறந்தது. மூடப்பட்டவை எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். இந்தியாவின் பின்னலாடைத் தலைநகர் என்று பெயர் பெற்ற ஊரில் துணிக்கு நிறம் ஏற்ற வழியில்லாமல் போனது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவுநீர் கலந்ததே இதற்குக் காரணம்.

இந்தத் தீர்ப்பு திருப்பூரின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டது என்று அன்று பலரும் பேசினார்கள். அந்தப் பேச்சு எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் தவறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்கு முன், "அடித்தளத்தை ஆட்டுதல்" போன்ற தொடர்கள் என்ன பொருளைத் தருகின்றன என்று பார்ப்பது உதவும்.

நிலைகுலைவைச் சொல்லும் தொடர்கள்

மனிதர் அசையாதது என்று நம்பியிருந்த ஒன்று அசையும்போது, அதைச் சொல்ல ஒவ்வொரு மொழியும் சில உருவகங்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் கட்டடம், தரை, படகு ஆகியவை உருவகமாகின்றன. அஸ்திவாரம் வரை உலுக்குதல், காலுக்கு அடியில் கிடக்கும் கம்பளத்தை உருவிவிடுதல், படகை ஆட்டுதல் முதலியவை அம்மொழியில் அன்றாடம் புழங்குபவை. யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று பாதுகாக்கப்படும் நம்பிக்கையைப் "புனிதப் பசு" என்கிறார்கள். இந்தத் தொடர் இந்தியாவைப் பார்த்து ஆங்கிலத்தார் உருவாக்கிக்கொண்டது. தீவிர மாற்றத்தைக் குறிக்கும் "ராடிக்கல்" என்ற சொல், வேர் எனப் பொருள்படும் "ராடிக்ஸ்" என்ற லத்தீன் சொல்லில் இருந்து பிறந்தது.

தமிழிலும் கட்டட உருவகம் உண்டு. அஸ்திவாரம் ஆட்டம் கண்டது என்கிறோம். ஆனால் உழவும் வீடும் சார்ந்த உருவகங்களே தமிழில் கூடுதல் வலிமை பெற்றவை. ஆணிவேரை அசைத்தல் என்பது பயிரில் இருந்து வந்தது. வயிற்றில் அடித்தல், அடிவயிறு கலங்குதல் என்பவை உடலில் இருந்து வந்தவை. அடிமடியில் கை வைத்தல் என்பது உடையில் இருந்து வந்தது. வேட்டியிலோ சேலையிலோ இடுப்பருகே பணத்தை முடிந்து வைக்கும் மடிப்பே மடி. வழியில் எதை இழந்தாலும் இதை இழக்க மாட்டோம் என்ற நம்பிக்கையில் கடைசிக் காசை வைக்கும் இடம் அது. அங்கேயே ஒருவர் கை வைத்தால் தப்பிக்க வழியில்லை.

அடித்தளம், வேர், அடிமடி என்ற இந்த மூன்று உருவகங்களும் நொய்யல் வழக்கில் மூன்று தரப்பினருக்குப் பொருந்துகின்றன. அடித்தளம் தொழில் நடத்தியவர்களுக்கு, வேர் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்களுக்கு, அடிமடி பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு. மூவருக்கும் அதிர்ச்சி ஒரே நாளில் வந்துவிடவில்லை. உழவர்களுக்கு அது இருபது ஆண்டுகள் முன்னதாகவே வந்திருந்தது.

ஆறும் ஊரும்

நொய்யல் ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றுகிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. ஆண்டு முழுவதும் வெள்ளம் பெருகும் ஆறு அன்று. பருவமழையை நம்பி ஓடுவது. ஆகவேதான் முன்னோர் இதன் குறுக்கே சிறு அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நீரைத் தேக்கினார்கள். கோவையின் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம், சூலூர் குளம் ஆகியவை இந்த ஆற்றால் நிறைபவை.

திருப்பூர் முதலில் பருத்திச் சந்தையாகவே வளர்ந்தது. சுற்றுப்புறக் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தியும், ஊரைத் தொட்டுச் சென்ற ரயில் பாதையும் அதற்கு உதவின. 1917-ல் திருப்பூர் நகராட்சியானது. 1925-ல் குலாம் காதர் என்பவர் இங்கே முதல் பனியன் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியனே இவ்வூரின் சரக்கு.

1970-களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் திருப்பூரைத் தேடி வரத் தொடங்கினார்கள். வெள்ளைப் பனியனுக்குப் பதிலாக வண்ண டி-சர்ட் தேவைப்பட்டது. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2010-11-ல் 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. 2008-ல் ஊர் மாநகராட்சியானது. 2009-ல் தனி மாவட்டத்தின் தலைநகரமும் ஆனது.

இந்த வளர்ச்சிக்குப் பெருமுதலாளிகள் மட்டும் காரணமல்லர். சிறு வேளாண் குடும்பங்களில் இருந்து வந்து, மெஷினில் வேலை பழகி, பின்னர் சொந்தக் கம்பெனி தொடங்கியவர்கள் இங்கே ஏராளம். புவியியல் அறிஞர் ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய நூல் இந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்கிறது. உழைத்தால் உயரலாம் என்பது இவ்வூரில் கண்கூடான உண்மையாக இருந்தது. அதனாலேயே, "தொழில் நடக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையும் ஆழமாகப் பதிந்தது. ஆங்கிலத்தார் சொல்லும் புனிதப் பசு திருப்பூரில் இதுதான். இதனுடன் இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஆற்றில் விட்டதை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அது.

உப்பு எங்கிருந்து வந்தது?

சாயப்பட்டறைக் கழிவு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது நிறம். சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய நொய்யலின் படங்கள் பத்திரிகைகளில் வந்துள்ளன. ஆனால் ஆற்றுக்கும் நிலத்துக்கும் நெடுங்காலக் கேடு செய்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது உப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின் தன்மை கொண்டவை. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆகவே சாயம் துணியை நெருங்காமல் நீரிலேயே நின்றுவிடும். உப்பைக் கரைத்தால் இந்த விலக்கம் குறைந்து, சாயம் இழையை நோக்கி நகரும். பின்னர் சோடா சேர்க்கும்போது சாயம் இழையுடன் வேதிப் பிணைப்பில் சேர்கிறது.

நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து ஒரு லிட்டர் சாயநீருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு இடுவது வழக்கம். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஒட்டிக்கொள்கிறது. உப்பு ஒட்டுவதில்லை. போட்ட உப்பு முழுவதும் அலசும் நீரோடு வெளியே வந்துவிடுகிறது. ஒரு கிலோ துணியைச் சலவை செய்து, சாயமேற்றி, அலசி முடிக்கப் பழைய முறையில் நூறு லிட்டருக்கு மேல் நீர் செலவானது. பட்டறைகள் முழுவீச்சில் இயங்கிய காலத்தில் நாள்தோறும் ஏறத்தாழ 9 கோடி லிட்டர் கழிவுநீர் வெளியேறியது.

1980-களின் தொடக்கத்தில் திருப்பூரில் சாயப்பட்டறைகள் சில பத்துகளே இருந்தன. 1990-களில் அந்த எண்ணிக்கை எழுநூறு, எண்ணூறு என்று உயர்ந்தது. ஊர்க் கிணறுகளின் நீர் சாயத்துக்கு உதவாமல் போனதால், சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து லாரிகளில் நல்ல நீர் வந்தது. உழவர்கள் சிலர் கிணற்று நீரை விற்பதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். பின்னர் 2005-06 வாக்கில் காவிரியில் இருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரும் பெருந்திட்டம் செயலுக்கு வந்தது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். நல்ல நீரை வெளியில் இருந்து கொண்டுவந்து, உப்பு நீரை ஆற்றில் விடுவது என்ற முறை இவ்வாறு நிலைபெற்றது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்ற பழமொழி இதற்குப் பொருந்தும்.

வேர்: ஒரத்துப்பாளையம் அணை

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலை அருகில், நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அணையின் சுற்றுப்புறத்திலும் கீழே கரூர்ப் பகுதியிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் பாசனம் பெறும் என்று உழவர்கள் எதிர்பார்த்தார்கள். வறண்ட வட்டாரத்துக்கு அது நெடுநாள் கனவு.

அணை கட்டி முடிந்த காலமும் சாயப்பட்டறைகள் பெருகிய காலமும் ஒன்றாகிவிட்டன. ஆற்றில் வந்த உப்பு நீர் அணையில் தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் உப்பின் செறிவு கூடியது. தேங்கிய நீர் பக்கவாட்டில் கசிந்து கிணறுகளுக்குள் போனது. கால்வாயில் திறந்துவிட்டபோது வயல்களுக்குள் போனது. கிணற்று நீர் நிறம் மாறியது. இளநீரின் சுவை கெட்டது. ஆடு மாடுகளுக்குக் காட்ட நீர் இல்லை. அணையில் மீன்கள் செத்து மிதந்தன.

உப்பு நீர் பயிரை எப்படிக் கெடுக்கிறது? செடியின் வேர், சவ்வூடு பரவல் முறையில் நீரை உறிஞ்சுகிறது. வேர்ச் செல்லுக்குள் உப்பின் செறிவு கூடுதலாகவும், வெளியே மண்ணில் உள்ள நீரில் குறைவாகவும் இருக்கும்வரை நீர் உள்ளே போகும். மண் நீரில் உப்பு மிகுந்துவிட்டால் அந்த ஓட்டம் நின்றுவிடும். ஈரமான மண்ணில் நின்றபடியே செடி தாகத்தால் வாடும். போதாக்குறைக்கு, உப்பில் உள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுகிறது. மண் காற்றோட்டம் இழந்து இறுகிப்போகிறது. ஒரு நல்ல மழை பெய்தால் சரியாகிவிடும் கேடன்று இது.

ஆணிவேரை அசைத்தல் என்ற தொடர் இந்த உழவர்களுக்கு உருவகமாக இல்லை. வயலில் நேராக நடந்தது. நெல், மஞ்சள், வாழை பயிரிட்டவர்கள் அவற்றைக் கைவிட்டார்கள். உப்பைத் தாங்கும் பயிர்களுக்கு மாறினார்கள், அல்லது நிலத்தைத் தரிசாக விட்டார்கள். வேறு எங்கும் அரிதாகக் காணப்படும் நிலைமை ஒன்று இங்கே உருவானது. எந்த அணைக்காகக் காத்திருந்தார்களோ, அந்த அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே கோரிக்கை வைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டறை நடத்தியவர்களும் அணைக்குக் கீழே உழுதவர்களும் அயலார் அல்லர். ஒரே வட்டாரத்தவர்கள், ஒரே வகை வேளாண் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். ஆற்றின் மேல்பகுதியில் ஒருவரை உயர்த்திய அதே தொழில், கீழ்ப்பகுதியில் இன்னொருவரின் நிலத்தை அழித்தது.

வழக்குகள்: 1996 முதல் 2009 வரை

சட்டம் அதற்கு முன்பே இருந்தது. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. நொய்யல் உள்ளிட்ட ஆறுகளில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் தொழிற்சாலைகள் புதிதாக அமையக் கூடாது என்று தமிழக அரசு 1989-ல் ஆணை பிறப்பித்தது. இருந்தும் பட்டறைகள் பெருகியவண்ணம் இருந்தன.

1996-ல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. "மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்" என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. பாலாற்றங்கரை உழவர்களுக்காகச் சொல்லப்பட்ட அக்கோட்பாடு பின்னர் நொய்யல் கரைக்கும் துணையாயிற்று. அத்தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பீட்டு ஆணையம், நொய்யல் பாசனப் பகுதியில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2004-ல் கணக்கிட்டது.

1998-ல் உயர் நீதிமன்றம், சுத்திகரிப்பு வசதி இல்லாமல் எந்தப் பட்டறையும் இயங்கக் கூடாது என்றது. பட்டறை உரிமையாளர்கள் கூடிப் பொது சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தார்கள். அந்த நிலையங்களில் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் சேர்த்துக் கழிவைப் படியவைத்தார்கள். நிறம் பெருமளவு நீங்கியது. கரைந்துள்ள உப்பை அந்த முறையால் நீக்க முடியாது. ஆகவே ஆற்றில் விடப்பட்ட நீர் தெளிவாகத் தெரிந்தாலும் உப்பு அப்படியே இருந்தது. கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறையில் மீறப்பட்டே வந்தது.

2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் புதிய வழக்கைத் தொடுத்தது. 2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியேறாத நிலையை 2007 ஜூலை 31-க்குள் எட்ட வேண்டும் என்று கெடு விதித்தது. திருப்பூரில் "ஜீரோ டிஸ்சார்ஜ்" என்று வழங்குவது இதுதான். அதுவரை வெளியேறும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை படிப்படியாக உயரும் அபராதம் விதிக்கப்பட்டது. பட்டறை உரிமையாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் ஆணையை உறுதி செய்து, மூன்று மாத அவகாசம் அளித்தது. சேதத்தைச் சரிசெய்யும் செலவில் இருந்து பட்டறைகள் தப்பிக்க முடியாது என்றும் கூறியது.

அவகாசம் முடிந்தது. சில நிலையங்களில் எந்திரங்கள் வந்தன. ஆனால் அவை முழுமையாக இயங்கவில்லை. உழவர்கள் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுத்தார்கள்.

அடித்தளம்: 2011 ஜனவரி 28

அந்த அவமதிப்பு வழக்கில்தான் தலைமை நீதிபதி எம். ஒய். இக்பால், நீதிபதி டி. எஸ். சிவஞானம் ஆகியோர் அடங்கிய அமர்வு மூடுதல் ஆணையைப் பிறப்பித்தது. தனிப் பட்டறைகள், பொது சுத்திகரிப்பு நிலையங்கள் என்ற வேறுபாடு இல்லாமல் அனைத்தும் மூடப்பட்டன. ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை எட்டிய பின்னரே மீண்டும் திறக்கலாம் என்பது நிபந்தனை.

ஒரு பின்னலாடை, கப்பல் ஏறுவதற்கு முன் பல கைகளைக் கடக்கிறது. நூல் வாங்குதல், நிட்டிங், சலவை, சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்பது வரிசை. பெரும்பாலான வேலைகள் தனித்தனி ஜாப் ஒர்க் கூடங்களில் நடப்பவை. சாயம் என்ற ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு அடுத்த கண்ணிகளுக்கு வேலை இல்லை. அயல்நாட்டு ஆர்டருக்குக் கெடு தேதி உண்டு. தவறினால் தள்ளுபடி கொடுக்க வேண்டும், அல்லது கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்ப வேண்டும். பருத்தி நூலின் விலை ஏறியிருந்த நேரம் அது. துணிகளை லூதியானா, அகமதாபாத், கொல்கத்தா போன்ற ஊர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைத்தார்கள். அருகிலுள்ள மாவட்டங்களில் கள்ளத்தனமாகச் சாயமேற்றும் வேலையும் நடந்தது. நொய்யலில் நின்ற கழிவு வேறு ஆறுகளைத் தேடிப் போனது என்பதும் இதன் பொருள்.

தொழில் நடத்தியவர்களுக்கு இது அடித்தளமே ஆடிய நாள் என்பதில் ஐயமில்லை. வங்கிக் கடனில் எந்திரம் வாங்கியவர்கள் பலர். ஆனால் தீர்ப்பு எதை ஆட்டியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொழில் நடந்தால் போதும் என்ற நம்பிக்கையையும், ஆறு எல்லாவற்றையும் சுமந்து செல்லும் என்ற நம்பிக்கையையும் அது ஆட்டியது. ஊரின் உண்மையான அடித்தளம் நீர். நல்ல நீர் இல்லாமல் ஒரு மீட்டர் துணிக்கும் நிறம் ஏறாது. அந்த அடித்தளம் 2011-க்கு முன்பே இருபது ஆண்டுகளாக அரிக்கப்பட்டு வந்தது. ஊர்க் கிணறுகள் கெட்டு, லாரி நீரை நம்பத் தொடங்கிய நாளிலேயே அது ஆட்டம் கண்டுவிட்டது. நீதிமன்றம் செய்தது, அந்த ஆட்டத்தை யாரும் மறுக்க முடியாதபடி காட்டியது.

அடிமடி: தொழிலாளர்கள்

வழக்கில் ஒரு பக்கம் உழவர், மறுபக்கம் பட்டறை உரிமையாளர். பனியன் கம்பெனித் தொழிலாளர் இரு பக்கத்திலும் இல்லை. ஆனால் விளைவு முதலில் போய்ச் சேர்ந்தது அவர்களிடம்தான்.

திருப்பூரில் வேலை செய்பவர்கள் பல லட்சம் பேர். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இருந்தும், வட மாநிலங்களில் இருந்தும் வந்தவர்கள் அவர்களில் பெரும்பகுதி. பலருக்குக் கூலி பீஸ் ரேட் கணக்கில் கிடைக்கிறது. அதாவது, தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பச் சம்பளம். துணி வந்தால் வேலை. வேலை இருந்தால் காசு. வார இறுதியில் சம்பளம் வாங்கி, வாடகையும் மளிகைக் கடனும் தீர்ப்பது இங்கே வழக்கம். துணி வராத வாரத்தில் எதைக் கொடுப்பது? இரண்டு ஷிப்டு ஓடிய இடங்களில் ஒரு ஷிப்டுக்கே வேலை இல்லை. பலர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்.

சாயப்பட்டறைக்குள் வேலை செய்தவர்களின் நிலை இன்னும் கடினம். உப்பு மூட்டை தூக்கியும், ஈரத் துணி சுமந்தும், ரசாயனப் புகையில் நின்றும் உழைத்தவர்கள் அவர்கள். ஆற்றில் எதை விடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இருந்ததில்லை. செய்யாத முடிவுக்கு முதல் விலை கொடுத்தவர்களும் அவர்களே. அடிமடியில் கை வைத்தல் என்ற தொடர் இவர்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்துகிறது. நிலம் இழந்தவருக்கு இழப்பீடு என்று சட்டம் ஒரு வழி சொன்னது. வேலை இழந்த வாரங்களுக்கு அத்தகைய கணக்கு எதுவும் எழவில்லை.

மூடுதலுக்குப் பின்

2011-ல் தமிழக அரசு, பொது சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் புதிய முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. நிபந்தனையை நிறைவேற்றிய நிலையங்களும் அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் படிப்படியாகத் திறக்க அனுமதி பெற்றன.

புதிய முறையில் கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்களால் தூய்மை செய்யப்படுகிறது. பின்னர் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவலுக்குச் செல்கிறது. செடியின் வேர் இயல்பாகச் செய்யும் வேலைக்கு நேர் எதிரானது இது. உயர் அழுத்தம் கொடுத்து, உப்பு நீரில் இருந்து நன்னீரைச் சவ்வின் வழியே பிரித்தெடுக்கிறார்கள். அந்த நன்னீர் மீண்டும் பட்டறைக்குப் போகிறது. எஞ்சிய செறிவான உப்புக் கரைசலில் ஒரு பகுதியைச் சாயமேற்றவே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மீதியை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். முன்பு ஆற்றுக்குப் போன உப்பும் நீரும் இப்போது பட்டறைக்கே திரும்புகின்றன.

இதற்குச் செலவு உண்டு. அழுத்தத்துக்கு மின்சாரம், ஆவியாக்கலுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். மறுபயனுக்கு உதவாத கலப்பு உப்பும், சுத்திகரிப்பில் படியும் சகதியும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை. மழை நாளில் கள்ளத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுவதாகப் புகார்கள் இன்றும் எழுகின்றன. உப்பேறிய நிலம் மீளப் பல ஆண்டு மழையும் நல்ல பாசனமும் வேண்டும்.

எனினும் ஒன்று உறுதி. தொழில் அழிந்துவிடும் என்ற அச்சம் பொய்யாயிற்று. 2010-11-ல் 12,000 கோடியைத் தாண்டியிருந்த ஏற்றுமதி, 2024-25-ல் 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்தது. ஜீரோ டிஸ்சார்ஜ் முறையைத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் இன்று அயல்நாட்டு வணிகர்களிடம் தங்கள் சிறப்பாக எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் இயலாது என்று வாதிடப்பட்ட ஒன்று இப்போது விற்பனைக்குரிய பெருமையாகிவிட்டது.

தொடர்கள் சொல்வதும் சொல்லாததும்

ஓர் ஊரின் அடித்தளம் ஆடியது என்று கேட்கும்போது, கேட்பவரின் கண்ணில் முதலில் தெரிவது ஆட்டியவர். நொய்யல் வழக்கில் அவ்வாறு தெரிந்தவர்கள் நீதிபதிகளும் வழக்குத் தொடுத்த உழவர்களும். அடித்தளம் என்று நாம் எதைச் சொல்கிறோம், அது ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது என்ற கேள்விகளை அந்தத் தொடர் எழுப்புவதில்லை. வரலாறு படிப்பவர் அவற்றைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உழவர்களின் வேர் கெட்டபோது அது செய்தியாகப் பெரிதும் பேசப்படவில்லை. ஒரு கிணறு, ஒரு வயல் என்று மெதுவாக நடந்ததால் அதை யாரும் நிலைகுலைவு என்று அழைக்கவில்லை. பட்டறைகள் ஒரே நாளில் மூடியபோதுதான் அச்சொல் பயன்பட்டது. 1996-ல் கரூர் உழவர்கள் சொன்னதைக் கேட்டுச் செயல்பட்டிருந்தால், உப்பை நீக்கும் எந்திரங்கள் பத்து ஆண்டு முன்னதாக வந்திருக்கும். 2011-ல் தொழிலாளர் வெறுங்கையோடு ஊர் திரும்பும் நிலையும் வந்திருக்காது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்து வந்த அந்த முதல் மனு, திருப்பூர்த் தொழிலுக்கு எதிரானது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தொழில் நிற்கும் நீரைக் காக்கச் சொன்ன மனு அது என்பது ஊருக்குப் பிறகுதான் விளங்கியது.